மகளுக்கு நான் பூசிய மஞ்சள்

என் தொழில் நிறம் பார்ப்பது. பாசிர் கூடாங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஷாம்பு போத்தல் மூடிகளை மாதிரியோடு வைத்து ஒப்பிட்டு, இது சரி, இது சரியில்லை என்று சொல்வதற்காக எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். மூடி கொஞ்சம் வெளிறியிருந்தால்கூட மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பிவிடுவேன். இயந்திரத்தில் நிற்பவர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் சிரிக்க வசதியாக இருக்கும்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதுதான் எங்கள் வழக்கம். ஆனால் சிகாமட்டில் இருக்கும் என் மாமியாருக்கு அப்போதுதான் முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. அவரையே இன்னொருவர் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை. பத்தியம் சமைக்கவும் பிள்ளையைக் குளிப்பாட்டவும் ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம் என்றாள் மனைவி. நான் விட்டேனா?

"எதுக்கு ஆளு? நான் லீவு போடுறேன். எல்லாத்தையும் நான் பார்த்துக்கிறேன்."

மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். நிறைமாதம். வாதாட அவளுக்கு மூச்சில்லை.

மகள் பிறந்தாள். மருத்துவமனையிலிருந்து பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அவளைக் கொண்டுவந்தபோது நான் கார் ஓட்டிய வேகத்தில், ரொட்டி விற்கும் மோட்டார் சைக்கிள்காரர்கூடப் பின்னால் பெட்டி ஆட ஆட என்னை முந்திக்கொண்டு போனார். வீட்டில் என் ஆட்சி தொடங்கியது. பூண்டுக் குழம்பு அடிப்பிடித்தது. டயப்பரை முன்பின்னாக மாட்டி மெத்தையை நனைத்தேன். ஒவ்வொன்றுக்கும் எனக்கு ஒரு விளக்கம் இருந்தது. குழம்புக்கு அடுப்பு காரணம், மெத்தைக்கு டயப்பர் கம்பெனி காரணம். மனைவி கருகிய பூண்டை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டாள்.

அடுத்தது குளியல். மனைவிக்குத் தையல் போட்டிருந்ததால் குனிய முடியாது. பாலோவில் இருக்கும் என் அக்கா வீடியோ அழைப்பில் வந்து பாடம் நடத்தினாள்.

"கடல மாவுல ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டுக் கொழச்சி, மெதுவா தேச்சி ஊத்துடா. பொம்பளப் புள்ள இல்ல? அப்பத்தான் மேல முடி வளராது."

ஒரு சிட்டிகை என்பது எனக்குக் கஞ்சத்தனமாகப் பட்டது. பெற்றது ஒரே மகள், அவளுக்குப் போய் சிட்டிகைக் கணக்கா? கறிக்குப் போடும் மஞ்சள் தூள் டின்னைத் திறந்து ஒரு கரண்டி அள்ளிப் போட்டேன். மாவை நான் சலித்துக்கொண்டிருந்தபோது மனைவி உள்ளேயிருந்து ஏதோ சொன்னாள். "பார்க்கலாம், பார்க்கலாம்," என்றேன். தலைக்கு மேல் வேலை எனக்கு.

குளித்து முடித்த மகள், தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவர்களின் வேட்டி நிறத்தில் மின்னினாள். துடைத்த துண்டும் அதே நிறம். மறுநாள் காலையிலும் நிறம் அப்படியே இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். அக்காவிடமிருந்து உடனே பதில் வந்தது: "என்னடா புள்ளைக்கு மசாலா தடவி வச்சிருக்க? பொரிக்கவா போற?"

அந்த நேரம் பார்த்துத்தான் தாதி வந்தார். பிள்ளை பிறந்த முதல் நாள்களில் அரசாங்கச் சுகாதார நிலையத்திலிருந்து தாதி வீடு தேடி வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பது இங்கே வழக்கம். முக்கியமாகப் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வந்தவர் மலாய்ப் பெண். பிள்ளையைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்ததும் "அலாமாக்!" என்று பதறினார்.

நான் சிரித்தேன். எங்கள் வழக்கத்தையும் கடலை மாவின் மகிமையையும் எனக்குத் தெரிந்த மலாயில் எடுத்துச் சொன்னேன். ஈரத் துணியால் அவர் பிள்ளையின் மார்பைத் துடைத்தார். துணி மஞ்சளானது. "பார்த்தீர்களா?" என்றேன். மறுபடியும் துடைத்தார், விரலால் அழுத்திப் பார்த்தார். தூக்கத்திலிருந்த பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. இவ்வளவு பூசியிருக்கும்போது கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, இன்றைக்கே கொண்டுபோய் ரத்தம் பரிசோதியுங்கள் என்றார். நாளைக்குள் சாயம் போய்விடும், அப்புறம் பார்க்கலாமே என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். நிறம் பார்ப்பதுதான் என் தொழில் என்பதையும் சொல்லித் தொலைத்தேன். அவர் என் உள்ளங்கைகளைப் பார்த்தார். அவையும் மகளின் நிறத்தில்தான் இருந்தன. "உங்களுக்கும் ரத்தம் எடுக்கணுமா?" என்று மலாயில் கேட்டுவிட்டுப் போனார்.

"கெளம்புங்க, கிளினிக் போலாம்," என்றாள் மனைவி.

"அவங்களுக்கு நம்ம பழக்கம் தெரியல. இதுக்குப் போய் பச்சப் புள்ள காலுல ஊசி குத்தணுமா? என் கண்ணுக்குத் தெரியாதா?"

நான் பேசி முடித்துத் திரும்பினால், அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து வாசல்வரை வந்துவிட்டிருந்தாள். காலில் செருப்பு, கையில் பிள்ளை.

"நீங்க வந்தா வாங்க, வராட்டிப் போங்க. நான் டாக்சி கூப்பிடுறேன்."

முணுமுணுத்துக்கொண்டே கார் சாவியை எடுத்தேன். முடிவு நல்லபடியாக வந்ததும் அந்தத் தாதியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் தயார் செய்துகொண்டு போனேன். நல்ல வாக்கியங்கள்தான்.

ஒன்றும் பயன்படவில்லை. கிளினிக்கில் எடுத்த ரத்தத்தில் காமாலை மிக அதிகமாக இருந்தது. அங்கிருந்து அப்படியே மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மருத்துவர் தமிழ்க்காரர். இன்னும் ஏறினால் மூளையைப் பாதிக்கும், காது கேட்காமல் போகலாம், உடனே விளக்குச் சிகிச்சையில் வைக்க வேண்டும் என்றார்.

"எப்பலேர்ந்து மஞ்சளா இருக்கு?" என்று கேட்டார்.

"டாக்டர், அது வந்து, நான்தான் பூசி..." என்று நான் இழுத்தேன்.

மனைவி குறுக்கே புகுந்தாள். "நேத்து காலைலேர்ந்து, டாக்டர். பால் குடிக்கிறப்ப கண்ணு முழிச்சா. வெள்ளையா இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சளா இருந்துச்சி. குளிப்பாட்டுறதுக்கு முன்னாலயே இவர்கிட்ட சொன்னேன்."

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் பூசிய மஞ்சள் கண்ணுக்குள் போயிருக்காது. அந்த அளவுக்கு எனக்கும் அறிவு இருக்கிறது.

மகளை டயப்பரோடு மட்டும் நீல விளக்கின் கீழ் கிடத்திக் கண்ணைக் கட்டினார்கள். அந்த வெளிச்சத்தில் அவள் என்ன நிறம் என்றே எனக்குத் தெரியவில்லை. பயந்துபோனேன். குழம்பு கருகியதற்குக்கூட ஒரு காரணம் வைத்திருந்தவன், இங்கே யார்மேல் பழி போடுவது என்று தெரியாமல் நின்றேன். ஊசி குத்திய அவளுடைய குதிகாலில் ஒட்டியிருந்த சின்னப் பஞ்சைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. கழிப்பறைக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தேன். மஞ்சள் போகவில்லை. வார்டில் இருந்த தாதிகள் என் கையைக் காட்டித் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் எடுத்த ரத்தத்தில் காமாலை இறங்கியிருந்தது. நேற்றே கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று என்று மருத்துவர் மனைவியிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை. பால் கொடுக்கும் நேரம் வந்ததும் ஒரு தாதி விளக்கை அணைத்து, கண்கட்டை அவிழ்த்து, பிள்ளையை மனைவியின் மடியில் வைத்தார்.

"இங்க வாங்க," என்றாள் மனைவி. "இப்பவாச்சும் பாருங்க."

குனிந்தேன். என் கைத்தொலைபேசி நிறைய மகளின் படங்கள்தான். பாதம், விரல், காது மடல், குளித்து முடித்த கோலம். எல்லாவற்றிலும் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். இப்போது விழித்திருந்தாள். கண்ணின் வெள்ளையில் மஞ்சள் இன்னும் மிச்சமிருந்தது.

"தெரியுதா?"

"தெரியுது," என்றேன்.

மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிறந்ததிலிருந்து அன்றுவரை நான் அவள் கண்ணை ஒரு தடவைகூடப் பார்த்திருக்கவில்லை.