குப்பைக்காரி

அலுவலகத்தில் அவளுக்குக் குப்பைக்காரி என்று பெயர். வைத்தவர் அவளுடைய அக்காவின் கணவர்.

அவர்தான் அந்தப் பிரிவுக்குத் தலைவர். கல்யாணத்துக்கு முன்பே தனியாளாக உட்கார்ந்து கணினிக்கு ஒரு நிரல் மொழியை உருவாக்கியவர். சரக்குக் கிடங்குகளுக்கு மென்பொருள் செய்து விற்கும் ஒரு நிறுவனம் அந்த மொழியையும் அவரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. கிடங்கில் எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, எது எந்த லாரியில் ஏற வேண்டும், பெட்டிமேல் என்ன லேபிள் அச்சாக வேண்டும் என்று எல்லாவற்றையும் அந்த மொழியில்தான் எழுதினார்கள்.

எழுதுவதற்கு அது சுலபமான மொழி. ஒரு பெயருக்குள் என்ன இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியதில்லை. இந்த வரியில் அது எண்ணாக இருக்கலாம், அடுத்த வரியில் ஓர் ஊரின் பெயராக இருக்கலாம். எழுதுகிறவருக்குச் சுகம். அந்தச் சுகத்துக்கான பாட்டையெல்லாம் அடியில் இருந்து நிரலை ஓட்டும் விர்ச்சுவல் மெஷின் என்ற மென்பொருள் பட வேண்டும். ஒவ்வொரு தடவையும் அது நின்று, இது எண்ணா எழுத்தா என்று பார்த்துவிட்டுத்தான் நகரும். அப்படி நின்று நின்று போனால் லாரி கிளம்பாது. அதனால் அத்தான் ஒரு கம்பைலர் எழுதியிருந்தார். ஓடிக்கொண்டிருக்கும்போதே அது நிரலைக் கவனிக்கும். இங்கே எப்போதும் எண்தான் வருகிறது, இனியும் எண்தான் வரும் என்று ஊகித்து, கேள்வியே கேட்காத வேகமான நிரலாக அதை மாற்றிவிடும். ஊகம் தப்பினால் பழைய மெதுவான பாதைக்குத் திரும்பிவிடும். அதைப் பற்றிப் பேசும்போது அவர் முகம் பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல மலரும். பிள்ளை இல்லாத வீடு அது.

அவள் சேர்ந்த முதல் வாரத்தில் நடந்தது இது. கூட்ட அறை நிறைய ஆட்கள். அவர் வெள்ளைப் பலகையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு சந்தேகம் கேட்க எழுந்தவள், வீட்டு வாய்ப்பழக்கத்தில், "இல்ல அத்தான், இங்க ஒரு அம்புக்குறி விட்டுப்போச்சே" என்றாள்.

அறை அதிரச் சிரித்தது. அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் அவருக்கு அத்தான் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மீசை வைத்த ஆண்களெல்லாம், "அத்தான் வந்தாச்சா?", "அத்தானுக்கு இன்னைக்கு மூடு சரியில்ல" என்று பேசிக்கொண்டார்கள். வாசல் காவலாளி வரைக்கும் போய்விட்டது. முதுகுக்குப் பின்னால்தான் என்றாலும் காது என்று ஒன்று இருக்கிறதே.

அடுத்த வாரம் அவர் வேலைகளைப் பங்கு பிரித்தார். ஓடும் நிரல் நினைவகத்தில் வைத்த பொருட்களில் எது இன்னும் தேவை, எது இனி வேண்டாம் என்று பார்த்து, வேண்டாததை அள்ளி இடத்தைக் காலி செய்யும் பகுதி ஒன்று உண்டு. அதை அவளிடம் கொடுத்தார்.

"குப்பை அள்ற வேலை. நம்ம வீட்டுப் பொண்ணு, கூச்சப்படாமச் செய்யும்" என்றார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "குப்பைக்காரிக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா" என்றார்.

அந்தச் சிரிப்பும் அறை அதிரத்தான் இருந்தது.

அவள் அந்த வேலையை நன்றாகவே செய்தாள். பழைய பகுதி, குப்பை அள்ளும்போதெல்லாம் மொத்த மென்பொருளையும் நிறுத்தி வைக்கும். கிடங்கில் ஆட்கள் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்து நிற்பார்கள். அவள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஓட்டத்துக்கு நடுவிலேயே அள்ளும்படி திருத்தி எழுதினாள். திரை நிற்பது நின்றது. யாரும் பாராட்டவில்லை. நிற்காத ஒன்றை யார் கவனிக்கப்போகிறார்கள்?

குடியிருந்தது அக்கா வீட்டு மாடியறையில். காலையில் அத்தானின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து போவாள். அவர் முன்சீட்டில் பையை வைத்துக்கொள்வார்.

அப்போதுதான் அந்தப் பிழை தலைகாட்டியது. ஒரு மருந்துக் கிடங்கில் குழந்தைகளுக்கான டானிக் பெட்டிமேல் தரை கழுவும் திரவத்தின் பெயர் அச்சாகி வந்தது. ஏற்றுகிறவர் கண்ணில் பட்டதால் தப்பித்தார்கள். பிறகு வேறொரு கிடங்கில் ஓர் ஊரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஓர் ஓட்டுநரின் பெயர் வந்தது. அடிக்கடி இல்லை, எப்போதாவது. திரும்ப ஓட்டிப் பார்த்தால் ஒழுங்காக இருக்கும்.

பார்த்த மாத்திரத்தில் எல்லோருக்கும் தோன்றியது ஒன்றுதான். உயிரோடு இருக்கும் பொருளைச் செத்தது என்று நினைத்துக் குப்பை அள்ளும் பகுதி அள்ளிவிடுகிறது. காலியான இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது.

"உன் தொட்டியிலதான் ஓட்டை" என்றார் அத்தான், எல்லோர் முன்னாலும். "அடைச்சுட்டு எழுந்திரு. அதுவரைக்கும் வேற பேச்சு வேண்டாம்."

அவள் தேடினாள். தான் எழுதிய ஒவ்வொரு வரியையும் எதிரி எழுதியதுபோலப் படித்தாள். அள்ளுவதற்கு முன்னும் பின்னும் நினைவகத்தைப் படம் பிடித்து ஒப்பிட்டாள். ஒன்றும் அகப்படவில்லை. மதியச் சாப்பாட்டு மேசையில் பேச்சு அவள் வந்ததும் நிற்கும். "குப்பைக்காரி, என் டிபன் பாக்ஸ் உயிரோடதான் இருக்கு, அள்ளிடாதே" என்று ஒருவன் சொல்வான். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஊரில் அம்மாவுக்குச் சிறுநீரகம் கைவிட்டுக்கொண்டிருந்தது. இரவு முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரம். அம்மா போனில் கூப்பிட்டாள்.

"நீ எப்ப வர்றே?"

"வர்றேம்மா. இங்க ஒரு வேலை மாட்டிக்கிச்சு."

"அப்படி என்ன வேலை?"

"ஏதோ ஒண்ணு தொலைஞ்சுக்கிட்டே இருக்கும்மா. எப்படித் தொலையுதுன்னு தேடறேன்."

"தேடு, தேடு. நான் எங்க ஓடிடப்போறேன்" என்றாள் அம்மா.

உடம்பு முற்றிவிட்டது என்று செய்தி வந்ததும் அக்காவும் அத்தானும் கிளம்பினார்கள். அவளும் பையில் துணியை எடுத்து வைத்தாள். அத்தான் மாடிப்படியில் நின்று நிமிர்ந்து பார்த்தார்.

"நீ எங்க?"

"அம்மாவைப் பார்க்க."

"கிடங்குக்காரன் தினம் போன் பண்றான். ரெண்டு பேரும் போயிட்டா யார் எடுக்கறது? உன் பிழை. நீ இரு. நாங்க பாத்துட்டு வந்து உன்னை அனுப்பறோம்."

அக்கா செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

அவர்கள் திரும்பி வந்து அவளை அனுப்பும்படி ஆகவில்லை. அவர்கள் போன மூன்றாம் நாளே அம்மா கண்ணை மூடிவிட்டாள். இவள் ரயிலைவிட்டு இறங்கி வீட்டுக்குப் போனபோது எல்லாம் முடிந்து, நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். வெறும் பலகைமேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாள் வேலைக்கு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் அலுத்துப்போய், தன் பகுதியை ஓரமாக வைத்துவிட்டு, யாரும் தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்த கம்பைலரைத் திறந்தாள். முழுவதும் படிக்க வேண்டியிருக்கவில்லை. ஊகம் தப்பி, வேகமான நிரலிலிருந்து மெதுவான பாதைக்குத் திரும்பும் அந்த ஒரு கணத்தில், கைவசம் இருக்கும் பொருட்களையெல்லாம் குப்பை அள்ளும் பகுதிக்கு அது கணக்குக் காட்ட வேண்டும். ஒன்றை மட்டும் காட்டாமல் விட்டிருந்தது. சரியாக அந்தக் கணத்தில் குப்பை அள்ளினால், கணக்கில் இல்லாதது போய்விடும். அள்ளியதில் தப்பே இல்லை. சொல்லாமல் விட்டதில்தான் தப்பு.

பத்து வரிகூடத் தேறாத ஒரு சின்ன நிரல் எழுதினாள். எத்தனை தடவை ஓட்டினாலும் அத்தனை தடவையும் அது பிழையோடு வந்தது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவருடைய அறைக்குப் போனாள். அங்கே இன்னும் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஓட்டிக் காட்டினாள். அவர் கன்னத்தில் கை வைத்துப் பார்த்தார்.

"ம். சரியாத்தான் பிடிச்சிருக்கே."

அவள் அவருடைய அதிர்ச்சிக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே. ஒரு சந்தேகம் இருந்துச்சு, பாத்தேன், பிழை அங்கதான் இருந்துச்சு."

உட்கார்ந்திருந்த இருவரில் ஒருவர் சாளரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன கத்துக்குவே? தானாத் தேடிக் கண்டுபிடிச்சாத்தான் புத்தியில நிக்கும். இப்ப நிக்குதில்ல?" கணினியை அவள் பக்கமாகத் தள்ளினார். "அதோட, சொல்லியிருந்தா நீயும் ரயில் ஏறியிருப்பே. போன் எடுக்க ஒரு ஆள் வேணுமே."

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவர் அதைச் சரிசெய்துவிட்டார். கிடங்குகளுக்குப் போன அறிவிப்பில் நினைவக மேலாண்மையில், அதாவது அவளுடைய பகுதியில், இருந்த குறை நீக்கப்பட்டது என்று எழுதியிருந்தது.

அன்று மாலை சமையலறையில் அக்காவிடம் சொன்னாள். அக்கா கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்கினாள்.

"அவர் மனசுல எதையும் வெச்சுக்கிட்டுச் செய்யற ஆள் இல்ல. நீதான் எல்லாத்தையும் பெரிசு பண்றே."

"அக்கா, அவருக்குத் தெரியும். தெரிஞ்சே என்னை உட்கார வெச்சார்."

கத்தி நின்றது. "கடைசி மூணு நாளும் நான்தான் பக்கத்துல இருந்தேன். பீ மூத்திரம் அள்ளினது நான். அம்மா கண்ணைத் திறக்கும்போதெல்லாம் உன் பேரைத்தான் சொன்னா. என்னைப் பார்த்து உன் பேரைச் சொன்னா. உனக்கு இன்னும் என்ன வேணும்?"

அந்த மாதமே அவள் வேறு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். வேலையை மட்டும் விடவில்லை. விட்டிருக்கலாமே என்று பின்னால் கேட்டவர்கள் உண்டு. இந்த வித்தை தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். அது தேவைப்படும் இடங்கள் அதைவிடக் கொஞ்சம். தான் எழுதியது வேறெங்கும் இல்லை, அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது என்பதும் ஒரு காரணம். அத்தானோடு வேலைப் பேச்சு தவிர வேறு பேச்சு இல்லை. அவருக்கும் அது வசதியாகவே இருந்தது.

சில வருடங்களில் நிறுவனம் கைமாறியது. புதிதாக வந்த நிர்வாகி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பேசும் ஒரு பெண்மணி. நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஊர் உலகமே பயன்படுத்தற விர்ச்சுவல் மெஷின் சும்மாக் கிடைக்குது. நாம மட்டும் சொந்தமா ஒண்ணை வெச்சுக்கிட்டு எதுக்கு மாரடிக்கணும்?"

அத்தான் அன்று பேசிய பேச்சை அந்த அலுவலகம் அதற்கு முன் கேட்டதில்லை. வியர்த்து, பலகை முழுக்க எழுதி, அழித்து, மறுபடி எழுதினார். நிர்வாகி பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"ரெண்டையும் ஓட்டிப் பார்க்கச் சொன்னேனே, என்ன ஆச்சு?"

அவள் ஓட்டிப் பார்த்திருந்தாள். கிளம்புவதற்கு இவர்களுடையது கூடுதல் நேரம் எடுத்தது. ஆனால் கிளம்பிய பிறகு, கிடங்கு நிரல்களில், அத்தானின் கம்பைலர் அந்த இலவசத்தைத் தூக்கிச் சாப்பிட்டது. நாள் முழுக்க ஓடும் கிடங்கில் கிளம்பும் நேரம் ஒரு பொருட்டே இல்லை. இது அவளுக்குத் தெரியும்.

"நம்மளது கிளம்பறதுக்கே ரொம்ப நேரம் எடுக்குது, மேடம்" என்றாள்.

"அப்புறம்?" என்றார் அத்தான். "கிளம்பினதுக்கு அப்புறம்? அதைச் சொல்லு."

அவள் நிர்வாகியையே பார்த்தாள். "தூக்கிடலாம், மேடம்."

ஒரு மாதத்தில் அவரை அனுப்பிவிட்டார்கள். மேசையைக் காலி செய்த அன்று உதவிக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவருக்குக் காவலாளி கதவைத் திறந்துவிட்டு, "வர்றீங்களா அத்தான்" என்றான். அது வாய் தவறியா வேண்டுமென்றா என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

பழைய விர்ச்சுவல் மெஷினைக் கழற்றும் பொறுப்பை அவளிடமே கொடுத்தார்கள். ஒவ்வொரு கிடங்காகப் புதியதற்கு மாற்றினாள். கம்பைலரை முதலில் நீக்கினாள். கடைசியாக மிஞ்சியது அவள் எழுதிய பகுதி. வாழ்க்கையில் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அத்தானை வீழ்த்தும்போது இதுவும் சேர்ந்து விழும் என்பதும் தெரிந்தே இருந்தது. ஒரு மதியம் அதையும் நீக்கினாள். பக்கத்தில் இருந்தவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். கிடங்குகளில் எல்லாம் மெதுவாகிவிட்டது என்று புகார் வந்தது. பெரிய கணினிகளாக வாங்கிப் போட்டார்கள், பேச்சு அடங்கிவிட்டது.

அத்தானை வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து மொழியை மேலும் மேலும் திருத்திக்கொண்டிருந்தார். உலகமே எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாக வெளியே விட்டார். யாரும் எடுக்கவில்லை.

வெகுநாள் கழித்து அக்கா போனில் வந்தாள்.

"சாப்பிட மாட்டேங்கறார். யாராவது எடுத்தாங்களான்னு நாளெல்லாம் திரையையே பாக்கறார். நீ ஒருத்தி அதை எடுத்து, சின்னதா ஏதாவது எழுதி, நல்லாருக்குன்னு ஒரு வரி அனுப்பேன். உன் பேர்ல வேண்டாம். வேற பேர்ல அனுப்பு. அது போதும் அவருக்கு."

"எனக்கு அந்த மொழியே மறந்துபோச்சுக்கா."

"எப்படிடி மறக்கும்?"

"மறந்துபோச்சு."

மறுமுனையில் அக்கா விசும்புவது கேட்டது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். அக்காவே வைத்த பிறகு, போனை மேசைமேல் கவிழ்த்துவிட்டு, ஏதோ ஒரு திரையில் ஏதோ ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றச் சொல்லி வந்திருந்த வேலையை எடுத்தாள். நீலத்தைப் பச்சையாக்க வேண்டும். ஆக்கினாள்.