கிளிப்பைத் தராத செல்வராணி

செவ்வாய்க்கிழமை காலை, இரண்டாவது அறுவை சிகிச்சையை முடித்துக் கைபேசியை எடுத்தபோது செல்வராணியின் மகளிடமிருந்து செய்தி வந்திருந்தது. "அம்மா விடிகாலையில போயிட்டாங்க அங்கிள்." மூன்றாவது நோயாளி மயக்க மருந்துக்குத் தயாராகக் காத்திருந்தார். கை கழுவப் போனேன். அழுவதற்குக்கூட அன்று தெம்பில்லை.

அறுவை அரங்கில் அவருடன் நின்ற உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. அவர் இந்த ஊரிலேயே, குவீன்ஸ்டவுனில் பிறந்து வளர்ந்த தாதி. நான் மதுரையிலிருந்து வேலைக்கு வந்த அறுவை மருத்துவன். அறுவைகள் வரிசையாக இருக்கும் நாட்களில் தேக்கா சந்தையிலிருந்து இட்லி வாங்கி வந்து, "சாப்பிடாத கை நடுங்கும், டாக்டர்" என்று முன்னால் வைப்பார்.

ஃபோர் கே கேமரா எங்கள் அரங்குக்கு வந்த மாதம் நினைவிருக்கிறதா? வயிற்றுக்குள் இருக்கும் மயிரிழை போன்ற ரத்தக்குழாய்கூடப் பெரிய திரையில் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் மயங்கிப்போனோம். செல்வராணி மட்டும், "அழகாத்தான் இருக்கு. ஆனா கேமரா காட்டற பக்கம்தானே தெரியும்?" என்றார்.

அந்த மாதமே ஒரு பேருந்து ஓட்டுநருக்குப் பித்தப்பை அறுவை. வீக்கத்தில் எல்லாம் ஒட்டிக்கிடந்தது. நான் களைத்திருந்தேன். வெட்ட வேண்டிய குழாய் திரையில் பளிச்சென்று தெரிவதாக நினைத்துக் அதை அடைக்கும் கிளிப்பைக் கேட்டுக் கையை நீட்டினேன். கை வெறுமையாகவே இருந்தது.

"சிஸ்டர், கிளிப்."

"பின்பக்கம் இன்னும் பாக்கலையே, டாக்டர்."

"இவ்வளவு தெளிவாத் தெரியுதே! குடுங்க."

"தெளிவாத்தான் இருக்கு. ஒரு தடவை திருப்பிப் பாத்துடுங்க லா."

எல்லோர் முன்னும் எரிந்து விழுந்தேன். அவர் கிளிப்பைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். வேறு வழியின்றிப் பித்தப்பையைத் தூக்கித் திருப்பினேன். நான் அடைக்கவிருந்தது ஈரலிலிருந்து வரும் பிரதான பித்தக்குழாய். அதை வெட்டியிருந்தால் அந்த ஓட்டுநரின் மிச்ச வாழ்க்கை மருத்துவமனையிலேயே கழிந்திருக்கும். நான் நிமிர்ந்ததும், ஒன்றும் நடக்காததுபோல, "இப்ப மெதுவாப் பண்ணுங்க" என்றார்.

மாலையில் நன்றி சொல்லப் போனேன். "அதை ரிப்போர்ட்ல நீங்களே எழுதிடுங்க. நான் எழுதினா கம்ப்ளெயிண்ட், நீங்க எழுதினா பாடம்" என்றார். எழுதினேன். என் பணிக்காலத்தில் எழுதிய கடினமான பக்கம் அதுதான்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவரே நோயாளியாக வந்தார். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. "நீங்களே பண்ணுங்க. தூங்க வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் திரையைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். கட்டி தெரிந்தது. நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "பயாப்ஸி வரட்டும், பாக்கலாம்" என்று முணுமுணுத்தேன்.

"டாக்டர், இங்க என்னைப் பாருங்க. படம் எனக்கும் புரியும். உங்க வாயால சொல்லுங்க."

திரும்பிப் பார்த்தேன். "கேன்சர் மாதிரிதான் இருக்கு, சிஸ்டர்."

"ம்." சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டார். "என் வீட்டுக்காரர் வெளியில உக்காந்திருக்கார். அவர்கிட்டயும் நீங்களே சொல்லிடுங்க. என்னால முடியாது."

அவர் கண்கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அறுவை, மருந்து எல்லாம் செய்தோம். ஒன்றரை ஆண்டு கூடுதலாகக் கிடைத்தது. அதில் கடைசி மாதங்களை ஆயுள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மண்டாயில் அவரைத் தகனம் செய்த மறுநாளே ஒரு பெரியவருக்குக் கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்தது. திரையை அணைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து சொன்னேன். செல்வராணியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான். ஒவ்வொரு முறையும் வலிக்கத்தான் செய்கிறது.