முன்சக்கரத்துக்குக் குளிர் கிடையாது

என் தம்பி ருஸ்மிரைப் பற்றி எங்கள் மலையூரான வாரெஷில் யாரிடம் கேட்டாலும் முதலில் அவனுடைய காரைப் பற்றித்தான் சொல்வார்கள். அதில் தவறில்லை. அவனே அப்படித்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வான். மரத் தொழிற்சாலையில் படிக்கட்டு இழைக்கிறவன், குடிக்காதவன், முப்பத்து நான்கு வயதிலும் தன் சட்டைக்குத் தானே பொத்தான் தைத்துக்கொள்கிறவன் என்பதெல்லாம் அக்கா நான் சொன்னால்தான் வெளியே தெரியும்.

கார் ஜெர்மனியில் செய்தது. இரண்டு கதவு, ஆறு சிலிண்டர். எஞ்சின் முன்னால் இருந்தாலும் வண்டியைத் தள்ளுவது பின்சக்கரம்தான். ஆஸ்திரியாவில் சுவர் பூசும் சித்தப்பா மகனிடமிருந்து அதை வாங்குவதற்காக ருஸ்மிர் பல வருடம் கடற்கரைக்குப் போகவில்லை, புதுக் கோட்டு வாங்கவில்லை, ஒரே ஜோடி பூட்ஸைத் தைத்துத் தைத்துப் போட்டான். வண்டி வந்த அன்று எங்கள் தெருவில் ஒரு சன்னலும் காலியாக இல்லை.

வண்டியைவிட அவனுக்குப் பெருமை அதன் சக்கரங்கள்மேல். பதினெட்டு அங்குலம். பின்னவை முன்னவற்றைவிட அகலம். டயரோ ரிம்மின்மேல் யாரோ ரப்பர் பூசிவிட்டதுபோல மெலிதாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பல்துலக்கும் பிரஷ் ஒன்றால் அவற்றின் இடுக்குகளைத் தேய்ப்பான். அந்த பிரஷ் அவன் பல்லுக்கு வைத்திருப்பதைவிட நல்ல பிரஷ். குளிர்காலத்தில் கார் கொட்டகையில் உறங்கும். சக்கரங்கள் கழற்றப்பட்டு, நான் தைத்துக் கொடுத்த பஞ்சு உறைக்குள் அவன் கட்டிலுக்கடியில் உறங்கும். ருஸ்மிர் வேலைக்கு பஸ்ஸில் போவான். இப்படியே எல்லோரும் சௌக்கியமாக இருந்தோம்.

அந்த வருடம்தான் அவன் பெல்கிஸாவைப் பார்த்தான். ஓர்லோவ மேட்டுக்காரி. மேட்டிலும் அதற்கு அப்பாலும் உள்ள வீடுகளுக்கெல்லாம் தபால் கொண்டுபோகிறவள். தபால் இலாகாவின் சிறிய மஞ்சள் வேனை அவளே ஓட்டுவாள். கோடை முழுவதும் இருவரும் அந்தக் காரில் சுற்றினார்கள். இலையுதிர்ந்ததும், டிசம்பர் முதல் ஞாயிறு பெண் கேட்க வரலாம் என்று அவள் அப்பா ஸாயிமிடமிருந்து சொல் வந்தது.

சிக்கல் என்னவென்றால், டிசம்பரில் ஓர்லோவ மேட்டில் பனி இல்லாத ஞாயிறு கிடையாது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஸாயிமின் மூத்த மகளைக் கேட்டு முன்பு ஒரு குடும்பம் வந்தது. கார் பாதி மேட்டில் சிக்கி, டிராக்டர்தான் அவர்களை வாசல் வரை இழுத்துக்கொண்டு வந்தது. ஸாயிம் டிராக்டர்காரருக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். ஆகவே ருஸ்மிருக்குக் கல்யாணம் என்பது இப்போது அந்த மேட்டில் ஏறுகிற விஷயமாக ஆகிவிட்டது.

"பஸ்ஸுல போயிடலாமே" என்றேன்.

"பொண்ணு கேக்கறவன் பஸ்ஸுல போனா, பஸ் டிரைவருக்குத்தான்க்கா பொண்ணக் குடுப்பாங்க" என்றான்.

முதன்முறையாக அந்தக் காருக்கு, பனியில் பிடிப்பு விடாத குளிர்கால டயர் வாங்க வேண்டியதாயிற்று. எங்கள் ஊரில் அதைத் தீர்மானிக்கும் இடம் காப்பிக் கடை. கார் விஷயத்தில் அங்கே கடைசிச் சொல் ஹாஸிபுடையது. சுரங்கத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சொந்தமாகக் கார் வைத்திருந்ததில்லை என்பதால் அவர் அறிவில் கீறல் விழ வாய்ப்பே இருந்ததில்லை.

"டேய், வண்டியத் தள்றது எது?" என்று கேட்டார் ஹாஸிப்.

"பின்சக்கரம்."

"அப்ப பூட்ஸ் யாருக்கு வேணும்? வேலை செய்யறவனுக்கு. முன்சக்கரம் சும்மா கூடவே ஓடிக்கிட்டிருக்கற பய. அவனுக்கு எதுக்கு குளிர்கால டயரு? குளிருதுன்னு உங்கிட்ட வந்து சொன்னானா?"

கடையே ஆமோதித்தது. குளிர்கால டயர் போட்டிருக்கிறதா என்று சோதிக்கும் போலீஸ்காரர்கூடப் பின்சக்கரத்தைத்தான் குனிந்து பார்க்கிறார் என்று பக்கத்து மேசையிலிருந்து ஒருவர் சாட்சி சொன்னார்.

டயர் கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் ஃப்ரானியோ காரை ஒருமுறை சுற்றி வந்தார்.

"நாலு போடு தம்பி. ரிம்ம ஒரு அங்குலம் கொறைச்சு, நாலும் ஒரே அளவுல ஒல்லியா. அகல டயரு பனி மேல மெதக்கும். ஒல்லி டயரு வெட்டிக்கிட்டு தரையப் பிடிக்கும். பக்கவாட்டு ரப்பரும் உயரமா இருக்கும், குழியில விழுந்தா ரிம்மு பொழைக்கும்."

"ஒல்லியாவா? அண்ணே, சிங்கத்துக்கு ஆட்டுக்கால் மாட்டச் சொல்றீங்களா?"

"பனியில ஆடு எங்க வேணும்னாலும் ஏறும்டா. சிங்கத்த நான் பாத்ததில்ல."

"பின்னாடிக்கு ரெண்டு போதும். இதே ரிம்முல, இதே அகலத்துல."

"அப்ப ரெண்டு போதும்" என்றார் ஃப்ரானியோ. வாடிக்கையாளரோடு வாதாடி அவர் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அதனால்தான் அந்தக் கடை இத்தனை காலமாக நடக்கிறது.

பின்பக்கம் கனம் வேண்டும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் டிக்கியில் மணல் மூட்டை போடுவார்கள். ருஸ்மிர் சிமெண்ட் மூட்டை இரண்டு போட்டான். மணல் சிந்தும், கம்பளம் அழுக்காகும் என்பது அவன் கட்சி. சுத்தத்தில் அவன் என்னைப்போல.

அந்த ஞாயிறு விடியும்போதே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பெற்றோர் இல்லை. பேச வேண்டியவர் பெரியப்பா ஷெஃபிக். அவர் முன்சீட்டில், நான் பின்சீட்டில் மடியில் பக்லாவா இனிப்புத் தட்டோடு. உள்ளதைச் சொல்ல வேண்டும்: வண்டி ஏறியது. வழியில் ரொட்டிக் கடை வேன் ஒன்று சிக்கிக் கிடந்தது. ருஸ்மிர் அதைத் தாண்டும்போது சன்னலை இறக்கி, அமைச்சர் மாதிரி கையசைத்தான்.

"பாத்தீங்களா பெரியப்பா? ரெண்டே டயரு."

"நாலு வாங்கினவன் முட்டாள்தான்" என்றார் பெரியப்பா.

மேட்டின் உச்சியில் ஸாயிமின் வீடு. சாலையிலிருந்து வாசலுக்கு ஒரு சிறு இறக்கம், அதில் ஒரு வளைவு. வராந்தாவில் ஸாயிமும் அவருக்குப் பின்னால் பெல்கிஸாவும் நின்றிருந்தார்கள். ருஸ்மிர் வளைவில் ஸ்டீயரிங்கை அழகாகத் திருப்பினான்.

"திருப்புடா!" என்றார் பெரியப்பா.

"திருப்பிட்டேன்!"

"வண்டி திரும்பலயே!"

"அதுக்கு இன்னும் தெரியல பெரியப்பா!"

வேகம் ஒன்றும் இல்லை. நடந்து போகிறவன் முந்திவிடலாம். ஆனால் குளிரில் கல்லாகிப்போன முன்பக்கக் கோடைக்கால டயர்கள் இரண்டும் திரும்பிய நிலையிலேயே நேராக வழுக்கிக்கொண்டு போயின. பின்சக்கரங்கள் புது டயரின் பிடிப்போடு வண்டியை விசுவாசமாக முன்னால் தள்ளின. வேலிக் கம்பம் ஒன்று மெதுவாகச் சாய்ந்தது. அடுத்து, ஸாயிம் குளிர்காலத்துக்காக வரிசை பிசகாமல் அடுக்கி வைத்திருந்த விறகு அடுக்கு ஒரு கணம் யோசித்துவிட்டு எஞ்சின் மூடியின்மேல் சரிந்தது. பக்லாவாத் தட்டை நான் விடவில்லை.

ஸாயிம் இறங்கி வந்தார். முதலில் கம்பத்தைப் பார்த்தார், பிறகு விறகை. மோதிய அதிர்வில் திறந்துகொண்ட டிக்கியைக் கடைசியாக எட்டிப் பார்த்தார்.

"என் வேலிய இடிச்சவங்க பல பேரு" என்றார். "இடிக்கறதுக்கு முன்னாடியே சிமெண்ட் வாங்கிக்கிட்டு வந்தவன இப்பத்தான் பாக்கறேன். உள்ள வாங்க."

உள்ளே போனோம். எங்கள் பக்கத்து வழக்கப்படி, பெண்ணுக்குச் சம்மதம் என்றால் காப்பி இனிப்பாக வரும். இல்லையென்றால் கசப்பாக வரும். பெரியப்பா தயார் செய்து வந்த பேச்சு முழுவதையும் பேசி முடித்தார். பெல்கிஸா தட்டோடு வந்தாள். ருஸ்மிர் ஒரு வாய் குடித்தான். அவன் முகம் விழுந்ததைப் பார்த்து எனக்கும் ருசி தெரிந்துவிட்டது.

"சர்க்கரை இருக்கு" என்றாள் பெல்கிஸா. இன்னொரு கையிலிருந்த கிண்ணத்தைச் சன்னல் விளிம்பில் வைத்தாள். "போடறதா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணல."

"வேலிய நான் இன்னைக்கே நட்டுத் தரேன்" என்றான் ருஸ்மிர்.

"வேலிய யாரு கேட்டா? நான் தெனமும் இந்த ரோட்டுல போறவ. ஏறறதுக்கு எல்லாரும் ஏறுவாங்க. நிக்கத் தெரியாத வண்டியில, உன்ன நம்பி நான் எப்படிப் பக்கத்துல உக்காருவேன்? நாளைக்கு ஒரு கொழந்தையோட?"

குழந்தை என்றதும் பெரியப்பா இருமினார். ருஸ்மிர் தன் காலுறையைப் பார்த்தான்.

"நாலு சக்கரத்துக்கும் ஒழுங்கா போட்டு என்னக் கீழ கூட்டிக்கிட்டுப் போ. அப்பறம் பதில் சொல்றேன். அதுவரைக்கும் இந்த வண்டி எங்க வாசலத் தாண்டாது. எறங்கற வழியில கீழ ஆறு இருக்கு."

அப்படியாக, என் தம்பியின் கார் ஸாயிமின் கோழிகளுக்கு நடுவில் நிறுத்தப்பட்டது. கோழிகளுக்கு எஞ்சின் மூடியின்மேல் உட்காருவது பிடித்துப்போனது. ருஸ்மிர் வேலை விட்டதும் மேடு ஏறி நடந்து வருவான், விறகை அடுக்குவான், டிக்கியிலிருந்த சிமெண்டைப் போட்டுக் கம்பத்தை நடுவான், காரைத் துடைப்பான், இறங்கிப் போவான்.

அவன்மேல் ஸாயிமுக்கு இரக்கம் வந்துவிட்டது. அவரிடம் அதே கம்பெனியின் பழைய நான்கு கதவு வண்டி ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அதன் பதினைந்து அங்குல இரும்புச் சக்கரங்கள், குளிர்கால டயர்களோடு கொட்டகையில் இருந்தன.

"அதே கம்பெனி, அதே அஞ்சு போல்ட்டு. எடுத்து மாட்டிக்க மருமவனே" என்றார். 'மருமவனே' என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. ருஸ்மிர் மாட்டேன் என்று எப்படிச் சொல்வான்?

பின்னால் எப்படியோ ஏறியது. முன்னால் ஏறவில்லை. வேகமாக ஓடும் வண்டி என்பதால் அதன் பிரேக் பெரியது. சின்ன ரிம்முக்குள் அது அடங்காது. ரிம் பிரேக்கில் இடித்துக்கொண்டு நின்றது. ஸாயிம் உள்ளே போய் அரைக்கும் மெஷினோடு திரும்பி வந்தார்.

"தள்ளு. அந்த பிரேக்குல இந்த மூலைய மட்டும் கொஞ்சம் தேச்சு விட்டா உள்ள போயிடும்."

"மாமா, அது பிரேக்கு!"

"முழுசுமா தேய்க்கப் போறேன்? கொஞ்சூண்டு!"

ருஸ்மிர் பிரேக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பனியில் உட்கார்ந்துவிட்டான். பெல்கிஸா வந்து மெஷினின் வயரைப் பிடுங்கிய பிறகுதான் எழுந்தான்.

மறுநாள் அவன் தனியாக ஃப்ரானியோவிடம் போனான். காப்பிக் கடைப்பக்கம் தலைகாட்டவில்லை. பிரேக் அடங்குகிற ரிம்களில் சிறியது எது என்று இந்த முறை அவனே கேட்டான். பதினேழு. ஃப்ரானியோவுக்குத் தெரிந்த ஒரு பல் வைத்தியர் தன் பெரிய காரை விற்றுவிட்டு, அதன் குளிர்காலச் சக்கரங்களை மட்டும் வைத்திருந்தார். நானும் போய்ப் பார்த்தேன். வெள்ளி நிறம், ஒரு வளைவோ நெளிவோ இல்லாத சாதாரண ரிம். நான்கும் ஒரே அளவு, ஒரே கம்பெனி. ஒவ்வொரு டயரிலும் குளிர்கால டயருக்கே உரிய, மலையும் அதற்குள் பனிப்பூவும் பொறித்த முத்திரை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். எந்த வருடம் செய்தது என்று படித்தேன். வெட்டுகளுக்குள் விரல் விட்டு ஆழம் பார்த்தேன். பல் வைத்தியர் என்னைப் பார்த்து, "நீங்க எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார்.

ருஸ்மிர் அந்தச் சக்கரங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, இத மாட்டினா என் கார் எப்படி இருக்கும்?"

"பல் வைத்தியரு கார் மாதிரி இருக்கும்."

அவன் பெருமூச்சு விட்டான். ஆளுக்கொன்றாக இரண்டு நடையில் தூக்கினோம். ரொட்டிக் கடை வேன்காரர்தான் அவற்றை மேட்டில் கொண்டுபோய் இறக்கினார். ருஸ்மிரை அவர் வழி நெடுகக் கேலி செய்தார். அது அவர் உரிமை.

மாட்டி முடித்ததும் பெல்கிஸா முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். ஊர் வாய்க்குப் பயந்து நான் பின்சீட்டில். ருஸ்மிர் சிமெண்ட் இல்லாத டிக்கியை ஒருமுறை திறந்து பார்த்து மூடினான். இறங்க ஆரம்பித்தோம். அவ்வளவு மெதுவாக அந்தக் கார் அதுவரை ஓடியிருக்காது. முதல் வளைவு ஒழுங்காகக் கடந்தது. ஆற்றுப் பாலத்துக்கு மேலுள்ள செங்குத்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் "பிரேக்!" என்றாள். வண்டி நேராக நின்றது. என் மூக்கு முன்சீட்டில் இடித்ததோடு சரி.

"ம், போ" என்றாள்.

காப்பிக் கடை முன்னால் போகும்போது மொத்தக் கூட்டமும் கண்ணாடிக்கு வந்துவிட்டது. ரொட்டிக் கடை வேன்காரர் சொல்லி எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. ஹாஸிப் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"என்னடா ருஸ்மிர், தையல் மெஷின் சக்கரம் மாட்டியிருக்க! யாருக்குப் பல்லு புடுங்கப் போற?"

வேறு எந்த நாளாக இருந்தாலும் என் தம்பி வண்டியை நிறுத்திப் பதில் சொல்லியிருப்பான். அன்று அவன் கண் சாலையிலேயே இருந்தது. காது மட்டும் சிவந்தது. கடைத்தெருவில் இறக்கம் முடிகிற இடத்துக்கு வந்தோம். அங்கே நடப்பவர்களே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள்.

"இங்க நிறுத்து" என்றாள் பெல்கிஸா.

நிறுத்தினான். ஒரு விரல்கூட வழுக்காமல், தட்டான் கடை வாசலுக்கு நேராக நின்றது கார்.

"இங்க எதுக்கு?" என்றான் ருஸ்மிர்.

"மோதிரத்துக்கு உன் வெரல அளவெடுப்பாங்களா, என் வெரலயா?"

ருஸ்மிர் கைப்பிரேக்கை இழுத்தான். கதவைத் திறந்து இறங்கினான். பழக்க தோஷம், குனிந்து முன்சக்கரத்தைத்தான் முதலில் பார்த்தான். பெல்கிஸா கடை வாசலில் கைகட்டிக்கொண்டு, அவன் பார்த்து முடிக்கும் வரை நின்றாள்.