மெதுவாய்க் கரையும் மாத்திரை

பிள்ளைகளே, உங்கள் அம்மா இறந்த மறுமாதம் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தார். ஒல்லியானவர், மாத்திரை கம்பெனியில் சோதனை பார்ப்பவர். நிமிடத்துக்கொருமுறை கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னா சார், அவசரமா?” என்றேன்.

“வேலைப் பழக்கம்பா. பிரஷர் மாத்திரைய தண்ணில போட்டு, மணிக்கு எவ்ளோ கரையுதுன்னு பாக்கணும். நாள்பூரா கொஞ்சங்கொஞ்சமா கரைஞ்சாத்தான் உடம்பு தாங்கும்.”

“பொடி பண்ணிக் குடுத்தா?”

“அய்யோ! மொத்தமும் ஒரேடியா ரத்தத்துல எறங்கிடும். ஆளு சாஞ்சிடுவாங்க. யாருக்குனா குடுத்தியா?”

“இல்ல சார், சும்மா கேட்டேன்.”

அதன்பிறகு அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

உங்கள் அம்மாவால் விழுங்க முடியவில்லையென்று நான்தான் அவளுடைய பிரஷர் மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவள் மயங்கி விழுந்தாள், பிறகு எழவேயில்லை.

ரயிலில் அவரைப் பார்த்த மறுநாள் நீங்கள் பள்ளிக்குப் போனதும், மிச்சமிருந்த மாத்திரை ஒன்றை டம்ளர் தண்ணீரில் போட்டு முன்னால் உட்கார்ந்தேன். நீங்கள் திரும்பும் நேரமாகியும் அது முழுதாகக் கரையவில்லை.