தம்பி படத்துக்கு விழுந்த மாலை

எல்லையில் சண்டை மூண்டுவிட்டதாக எல்லாச் சேனல்களும் அலறிக்கொண்டிருந்த ஒரு கோடைக்காலம் அது. உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு நான் வந்திருந்தேன். ராணுவத்தில் இருக்கும் என் தம்பி, எல்லைக்குக் கிளம்புகிறோம் என்று சொன்னதோடு சரி. அதன் பிறகு அவன் போன் கிடைக்கவே இல்லை. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. டி.வி.யைப் போட்டாலும் பயம், அணைத்தாலும் பயம்.

அன்று காலை தெருமுனையில் திடீரென்று மேளச் சத்தம். கூடவே சரவெடி. எங்கள் பக்கத்தில் மேளமும் வெடியும் இல்லாமல் பிணம் எடுக்க மாட்டார்கள். "யாரு பூட்டாங்க?" என்று கேட்டபடியே அம்மா வாசலுக்குப் போனார். சத்தம் எங்கள் வீட்டை நோக்கித்தான் வந்தது. முன்னால் எங்கள் ஊர்ப் பையன்கள் ஒரு ஃபிளக்ஸ் போர்டைத் தூக்கி வந்தார்கள். அதில் சீருடையில் என் தம்பி. படத்துக்குப் பெரிய ரோஜா மாலை.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "ஐயோ நைனா! என்னிய வுட்டுட்டுப் பூட்டியா!" என்று மகனைக் கூப்பிட்டு மாரில் அடித்துக்கொண்டு அப்படியே சரிந்துவிட்டார். எனக்குப் படிக்கத் தெரியும். ஆனாலும் அதில் 'மாவீரன் வாழ்க' என்று எழுதியிருந்தது மண்டையில் ஏறவில்லை. மாலை மட்டும்தான் தெரிந்தது. செத்தவர் படத்துக்குத்தானே மாலை போடுவோம்! நானும் அம்மா பக்கத்திலேயே விழுந்தேன்.

மேளம் நின்றது. போர்டைப் பிடித்திருந்த ஒரு பையன் ஓடி வந்தான். "அக்கா, ஒண்ணியும் இல்லக்கா! அண்ணனுக்கு மரியாத பண்ணலாம்னு வந்தோம்க்கா. நம்ம ஊருக்கே பெருமக்கா!"

வந்த ஆத்திரத்தில் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். "அறிவு கீதாடா உனக்கு? அவன் உசுரோட கீறானான்னே தெரியாம நாங்க தவிச்சிக்கினு கீறோம். போட்டோவுக்கு மாலைய போட்டு மோளம் அடிச்சிக்கினு வர்றியே!"

அவன் மாலையைப் பிய்த்து எடுத்தான். ஆனால் அம்மா யார் சொன்னதையும் நம்பவில்லை. "அவன் கொரல கேக்காம நா எந்திரிக்க மாட்டேன்" என்று தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். பையன்களும் போகவில்லை. ஆளுக்கொரு போனில் தம்பியின் நம்பரை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டு வெயிலில் நின்றார்கள்.

சாயங்காலம் வேறு ஏதோ நம்பரிலிருந்து தம்பியே பேசினான். நன்றாக இருக்கிறானாம், அங்கே டவர் இல்லையாம். அம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமல் அழுதார். நான் சட்டையைப் பிடித்த அந்தப் பையனும் தேம்பித் தேம்பி அழுதான்.

அவர்களுடைய நாட்டுப்பற்றில் துளியும் பொய் இல்லை. அது நல்ல குணம்தானா என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் கடித்துக் குதறியிருப்பேன். இப்போதெல்லாம் எல்லையில் ஏதாவது என்று செய்தி வந்தால், அந்தப் பையன் தனியாக வந்து எங்கள் வாசலில் நின்று, "அண்ணன் பேசிச்சாக்கா?" என்று மெதுவாகக் கேட்கிறான். நாட்டுப்பற்று நல்ல குணம்தான் என்று நான் நம்புவது அவன் கேட்கும் அந்த ஒரு கேள்வியால்தான்.