நாலில் தொடங்கிய அளவுகோல்

பாண்டியன் சார் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, எங்கள் குடியிருப்புச் செயலாளரான நான் அவருக்குத்தான் ஒரு நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்தேன். "பி பிளாக் கார் நிறுத்துமிடத்தில் ஓடாத வண்டியை நிறுத்தி வைத்திருப்பவர் கவனத்துக்கு" என்பது முதல் வரி. அந்த வண்டி யாருடையது என்று டெல்லி மயூர் விஹாரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் எல்லா வீட்டுக்கும் தெரியும். ஆனாலும் பெயர் போடாமல் எழுதுவதுதான் மரியாதை என்று எனக்கு ஒரு நினைப்பு. இரண்டாவது வரிக்குப் போவதற்குள் வாட்ஸ்அப்பில் செய்தி வந்து விழுந்தது.

அன்று வியாழக்கிழமை, அவர் மனைவி கஸ்தூரிக்கு டயாலிசிஸ் நாள். அவளை உள்ளே அனுப்பிவிட்டு வழக்கம்போல வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நாலு மணி நேரம் கழித்து அவளைத் தள்ளிக்கொண்டு வந்தபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தாராம், மடியில் ஏதோ உதிரிபாகப் பட்டியலோடு. தூங்குகிறார் என்று நினைத்து, "ஏங்க, முடிஞ்சுது, போலாமா?" என்று கஸ்தூரி இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாள்.

நோட்டீஸை அழித்தேன். உண்மையைச் சொன்னால் அப்போது எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒன்பது வருடமாகச் சண்டை போட்ட மனுஷன் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டால் வேறென்ன வரும்?

எங்கள் சொசைட்டியில் இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு அவர் ஜீப் அங்கிள். மீதிப் பேருக்கு அவர் ஒரு வேடிக்கைக் கதை. வாசல் உயரம் தெரியாமல் வண்டி கட்டிய மனுஷனின் கதை. அதைச் சொல்லி அதிகம் சிரித்தவள் நான். அந்தக் கதையைத் திருத்துவதற்காகத்தான் இப்போது எழுதுகிறேன்.

விருதுநகர் பக்கத்துக்காரர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு முப்பத்து நாலு வருடம். ஒரு நாளும் வெளியூர்ப் பணி வாய்க்காத நாற்காலி. ஓய்வுபெறச் சில வருடங்கள் இருக்கும்போது ராணுவ ஏலத்தில் ஒரு பழைய டீசல் ஜீப்பை வாங்கிக்கொண்டு வந்து, எங்கள் கட்டடத்துக்குக் கீழே, தூண்களுக்கு நடுவில் நிறுத்தினார். அன்றிலிருந்து எங்கள் பிளாக்கில் கிரீஸ் வாடை. ஹிமாசலின் மலைகளுக்குக் கஸ்தூரியைக் கூட்டிப்போக வேண்டும், ரோடு முடிகிற இடத்துக்கு அப்புறமும் போக வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

எங்கள் முதல் பெரிய சண்டை வெல்டிங்கால் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கேஸ் குழாய் போகிற சுவரிலிருந்து பத்தடியில் பொறி பறக்கிறது. தாளித்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டுக் கரண்டியோடு கீழே ஓடினேன். முகமூடியைத் தூக்கிவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார்: "அஞ்சு நிமிஷம் மேடம், கூரையை ஒட்டிட்டேன்னா முடிஞ்சுது." "ஒட்டினது ஒட்டினதாகவே இருக்கட்டும். இனிமேல் இங்கே வெல்டிங்கும் கிடையாது, வெட்டறதும் கிடையாது" என்றேன். அடுத்த கூட்டத்தில் அதை விதியாகவும் போட்டேன். இந்த விதி பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கூரை முடிந்ததும் வண்டியை உயர்த்தினார். தடித்த பட்டை ஸ்பிரிங், பெரிய டயர். முதுகுக்குக் கீழே அட்டைப்பெட்டியை விரித்து, வண்டிக்கு அடியில் படுத்தபடி எனக்கு விளக்கம் வேறு. "ஓடைக்குள்ள கல்லு கிடக்கும் மேடம். வண்டிக்கு வயிறு தட்டக் கூடாது." உயர்த்திய பிறகு கஸ்தூரியால் ஏற முடியவில்லை. அதற்காக முன் இருக்கையைக் கதவுப் பக்கம் திரும்பி வெளியே வருகிற மாதிரி மாற்றினார். அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஐந்து மாதம் ஆயிற்று. இருக்கை தயாரான வாரம் அவளை அதில் உட்கார வைத்து உள்ளே தள்ளி, வெளியே இழுத்து, மறுபடி உள்ளே தள்ளி, இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் போகவில்லை. ஒரு தடவைகூட. "மலைக்குப் போய் வர நாலு நாளாவது வேணும் மேடம். செவ்வாய், வியாழன், சனி ஆஸ்பத்திரி. மிச்சம் இருக்கறது ஞாயிறும் திங்களும். அதுல ஒரு நாள் இவளால எழுந்திரிக்கவே முடியாது" என்பார். குறையாகச் சொல்ல மாட்டார், ரயில் நேரம் சொல்கிற மாதிரி சொல்வார். மூன்றாவது மாடிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் அவர்கள் வாழ்க்கை அடைந்து கிடந்தது. வெளிநாட்டிலிருக்கும் மகன் வீடியோவில் வந்து வருஷா வருஷம் "அடுத்த வருஷம் பார்க்கலாம்ப்பா" என்பான்.

பிறகு, பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி டெல்லிச் சாலையில் ஓடக் கூடாது என்றாகிவிட்டது. கேட்டைத் தாண்டினால் பிடித்துக்கொண்டு போய் உடைத்துவிடுவார்கள். "எனக்காவது அறுபதுல ரிட்டயர்மென்ட் மேடம், இதுக்குப் பத்துல" என்றார். ஜீப் தூண்களுக்கு நடுவிலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்ஜினை ஓடவிட்டு, டயர் ஒரே இடத்தில் அழுந்தாமலிருக்க இரண்டடி முன்னால், இரண்டடி பின்னால். ஏற்கெனவே ஊரெல்லாம் புகை, இதில் இவர் வேறா என்று ஒரு நாள் திட்டுவதற்காகவே இறங்கினேன். முன் இருக்கையில் கஸ்தூரி, ஸ்வெட்டரும் சால்வையுமாக. "இப்ப எங்கங்க இருக்கோம்?" என்று கேட்கிறாள். "சிம்லா தாண்டியாச்சு, கண்ணாடியை ஏத்திக்கோ" என்கிறார் இவர். இந்தக் கூத்தில் நான் எங்கே போய்த் திட்ட? லிஃப்டில் ஏறி வந்துவிட்டேன்.

இப்போது என் பங்கு. நிறுத்துமிடத்திலிருந்து வெளியே போகிற இடத்தில், வாசல் உத்தரத்துக்கு நேர் கீழே, தண்ணீர் வடிய ஒரு பள்ளமும் அதன்மேல் இரும்புச் சட்டமும் இருந்தன. சக்கர நாற்காலி அதில் இறங்கி ஏறும்போது கஸ்தூரி குலுங்குவாள். ஊசி குத்திக் குத்தி வீங்கிப்போன கை கைப்பிடியில் இடிக்கும். ஒரு நாள் அவள் "அம்மா" என்று கத்தியது என் காதில் விழுந்தது. யாரையும் கேட்கவில்லை, மறு வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டுப் பள்ளத்துக்குப் பதில் குழாய் புதைத்து, மேலே சிமெண்ட் போட்டு, வழவழவென்று ஒரு சாய்தளம் கட்டிவிட்டேன். பாண்டியன் சார் என் வீட்டு வாசலுக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "இன்னைக்கு இவ முகத்தைச் சுளிக்காமப் போனா மேடம்." எங்கள் சண்டைக்கு நடுவில் அப்படி ஒரு நாள் வந்ததில் எனக்கு ஏகப் பெருமை.

போன வருடம் ஒருவழியாக ஜீப்புக்கு விடிவு வந்தது. அவர் அலுவலகத்தில் டிரைவராக இருந்து ஹிமாசலுக்கே திரும்பிப்போன டாகுர்ஜி, வண்டியைத் தன் ஊரில் வைத்து ஓட்டிக்கொள்வதாகச் சொன்னார். அலையாய் அலைந்து தடையில்லாச் சான்றிதழும் வாங்கியாயிற்று. "நாங்க போகலன்னாலும் இதாவது போகட்டும்" என்றார். சுமந்து போக லாரி வந்து கேட்டில் நின்றது. நாங்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க இறங்கினோம். ஜீப்பை மெல்ல நகர்த்தி வாசலுக்குக் கொண்டுவந்தார். உத்தரத்தில் டங்கென்று இடித்தது. இரண்டு விரல் உயரம் அதிகம்.

டயரில் காற்றை இறக்கிப் பார்த்தார், போதவில்லை. பழைய ஸ்பிரிங் எப்போதோ பழைய இரும்பு வாங்கும் கபாடிக்காரனிடம் போய்விட்டது. கூரையை வெட்டலாம் என்றால், வெட்டக் கூடாது என்பது நான் போட்ட விதி. "அங்கிள் வண்டியை உள்ளேயே பிரசவம் பார்த்துட்டாரு" என்று யாரோ சொல்ல, கொல்லென்று சிரிப்பு. நானும் விடவில்லை. "என்ன சார், மூணாம் கிளாஸ் பிள்ளைகூட முதல்ல வாசலை அளந்து பார்க்குமே!" அவர் உத்தரத்தைப் பார்த்தார், குனிந்து தரையைப் பார்த்தார், துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"என் அளவு தப்பு மேடம்" என்றார். லாரி வெறுமனே திரும்பிப் போயிற்று.

சில வாரம் கழித்து லிஃப்டில் கேட்டார்: "மேடம், ஒரு நாள் நீங்க எல்லாரும் வந்து ஜீப்புல உட்காருவீங்களா? ஒரு பன்னெண்டு பேர்?" சிரித்ததற்குப் பதிலுக்குக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். "ஏன் சார், எங்களையும் சேர்த்து உள்ளே அடைக்கவா?" என்றேன். "அச்சா, விடுங்க" என்று சிரித்தபடி மூன்றாவது மாடியில் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு யாரிடமும் கேட்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு கஸ்தூரி கூப்பிட்டு அனுப்பினாள். டாகுர்ஜி வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறார், ஏதாவது வழி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போனேன். வாசல் தூணின் பின்பக்கம், மழைநீர்க் குழாய்க்கு மறைவில், சிவப்புப் பெயின்டில் ஓர் அளவுகோல் வரைந்திருந்தது. அங்குலம் அங்குலமாகக் கோடு, பக்கத்தில் எண்கள், எல்லாம் அவர் கையெழுத்து. உத்தரத்தைத் தொடும் இடத்தில் 86. அதற்கு ஒன்றரை அங்குலம் கீழே ஒரு கோடு, பக்கத்தில் 'ஜீப்'. நான் தரையிலிருந்து உத்தரம் வரை அளந்தேன். 83 வந்தது. பாவம், மனுஷனுக்கு அளக்கவும் தெரியவில்லை என்று நினைத்தபடி, முட்டிவலியோடு உட்கார்ந்து அடியில் பார்த்தேன்.

அளவுகோல் நாலில் தொடங்கியது. ஒன்றும் இரண்டும் மூன்றும் என் சிமெண்ட்டுக்குக் கீழே இருந்தன.

முப்பது வருடம் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். சாய்தளம் கட்டும்போது ஒரு முறை தலையை நிமிர்த்தி மேலே பார்க்கத் தோன்றவில்லை. எவ்வளவு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேனோ, காவலாளி பையா வந்து "ஆன்டிஜி, தபியத் டீக் ஹை?" என்று உடம்பைப் பற்றிக் கேட்டபோதுதான் எழுந்தேன்.

கஸ்தூரியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "தெரியும்க்கா. லாரி வந்த அன்னைக்கு மேல வந்ததுமே சொன்னாரு. 'அந்தம்மாகிட்ட மூச்சு விட்டுடாத. தெரிஞ்சா நாளைக்கே கடப்பாரையோட நிப்பாங்க. அப்புறம் நீ மறுபடி குலுங்கிக்கிட்டுப் போகணும்'னாரு."

"எல்லாரும் சிரிச்சாங்களேடி."

"கேட்டேன். 'சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். உன் கைக்கு வலியில்லாம இருந்தாப் போதும்'னுட்டாரு."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, நாளைக்கே அதை உடைத்துவிடுகிறேன் என்றேன். "உடைச்சுட்டா நான் எப்படிக்கா போறது?" என்றாள். அவளுக்கு வாரத்தில் அந்த மூன்று ஆஸ்பத்திரி நாள் இன்னும் இருக்கிறது, தள்ளுவதற்குத்தான் இப்போது கூலிக்கு ஆள். வெளியே போக இருக்கிற ஒரே வழி, ஒருத்திக்குத் திறந்து இன்னொன்றுக்கு அடைத்துக்கொண்டு நிற்கிறது. பாண்டியன் சார் இதற்குள் எத்தனை மாதம் நின்றிருப்பார் என்று நினைத்தபோதுதான் அவர் லிஃப்டில் கேட்டது ஞாபகம் வந்தது. பாரம் ஏறினால் ஸ்பிரிங் அழுந்தி வண்டி தாழும். அன்று அவர் கிண்டல் செய்யவில்லை, உதவி கேட்டிருக்கிறார்.

அன்று மாலை அந்த ஜீப்பைப் பற்றிய கடைசி நோட்டீஸை எழுதினேன், இந்த முறை பெயர் போட்டு. "பாண்டியன் சாரின் ஜீப்பில் உட்கார ஞாயிறு காலை பன்னிரண்டு பேர் தேவை. கனமானவர்களுக்கு முன்னுரிமை."

பதினைந்து பேர் வந்தார்கள். கஸ்தூரியை அவளுடைய இருக்கையில் வைத்து உள்ளே தள்ளினோம். மற்றவர்கள் பின்னால் அடைந்துகொண்டோம், மடியில் மடியாக. இடம் போதாமல் பக்கவாட்டிலும் தொற்றிக்கொண்டார்கள். வண்டி முனகிக்கொண்டே இறங்கியது. டாகுர்ஜி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாக நகர்த்தினார். தலைக்கு மேலே உத்தரம் போய்க்கொண்டே இருந்தது. இடிக்கவில்லை. வெயில் வந்து மடியில் விழுந்தது.

கேட்டருகில் ஒவ்வொருவராக இறங்கினோம். ஒவ்வொருவர் இறங்கும்போதும் ஜீப் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. கஸ்தூரி கடைசியாக இறங்கினாள். "நீங்களும் வாங்க பாபிஜி" என்று டாகுர்ஜி இந்தியில் கூப்பிட்டார். "செவ்வாய்க்கிழமை இருக்கே" என்றாள். ஜீப்பை ஏற்றிக்கொண்டு லாரி வளைவு திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தாள். நான்தான் தள்ளினேன். சாய்தளத்தில் அவள் குலுங்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தத் தூண்தான். இந்த வருடம் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கிறோம். அந்தச் சிவப்புக் கோடுகளின் மேல் பிரஷ் படக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். வாசல் தெரியாமல் வண்டி கட்டிய மனுஷனின் கதையை இனி யார் தொடங்கினாலும், கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போய்க் குனிந்து பார்க்கச் சொல்வேன். பாண்டியன் சார் சரியாகத்தான் அளந்திருந்தார். தரையை உயர்த்தியது நான்.