அடியில் இரண்டு கீறல்கள்

என் மேசையில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பீங்கான் பியூஸ் கேரியர் கிடக்கிறது. கவிழ்த்தால் அடியில் ஆணியால் போட்ட இரண்டு கீறல்கள் தெரியும். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் பீங்கான் சாமான்களைப் பரிசோதிக்கும் வேலையில் இருக்கும் தங்கச்சி கொடுத்தது. உடன்பிறந்தவள் இல்லை, பக்கத்துத் தெரு. செராமிக் டிப்ளமோ படித்துவிட்டு, கம்ப்யூட்டர் நிரல் எழுதத் தானாகவே கற்றுக்கொண்டவள்.

அவளும் நானும் உட்பட ஆறு பேர் சேர்ந்து ஓர் இணைய மன்ற மென்பொருளைப் பல வருடங்களாகப் பராமரித்து வந்தோம். மாணவர்கள், விவசாயிகள் என்று யார் வேண்டுமானாலும் அதை இலவசமாக எடுத்து, தங்களுக்கென்று ஒரு கேள்வி-பதில் மன்றம் நடத்திக்கொள்ளலாம். எங்களுக்குச் சம்பளம் கிடையாது, ஆசைதான். நாளாக நாளாகப் பழைய நிரல் புதிய சர்வர்களில் ஓட மறுத்தது. மூன்று மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து முழுவதையும் நானே புதுப்பித்தேன். எந்த வரியை யார் எழுதினார்கள் என்ற பழைய பதிவுகள் எதற்கு வீண் சுமை என்று அவற்றை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகப் புது இடத்தில் ஏற்றினேன். ஏற்றியவன் நான் என்பதால் அத்தனை வரிக்கும் பக்கத்தில் என் பெயர்தான் நின்றது. அது எனக்கு உறைக்கவே இல்லை என்பதுதான் வெட்கக்கேடு.

பெருமையாக அறிவிப்புப் போட்டேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பிழைகள் குவிந்தன, திருத்த ஆளில்லை. உற்சாகப்படுத்துகிறேன் பேர்வழி என்று உறுப்பினர் பட்டியலில் அவரவர் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரமெல்லாம் ஒட்டிப் பார்த்தேன். இப்படியே போனால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று ஆனபோது, ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் தொழிற்பேட்டைக்குப் போனேன்.

அவள் கேரியர்களைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தாள். விரிசல் விட்டது மந்தமாகக் கேட்கும். "ஏம்மா, யாருக்குமே ஆர்வம் இல்லாமப் போயிடுச்சா?" என்றேன். தட்டிக்கொண்டிருந்ததில் ஒன்றை என் கையில் வைத்தாள்.

"கவுத்துப் பாருங்கண்ணே. பச்சையா இருக்கும்போதே அவங்கவங்க அடியில கீறி வச்சிருவாங்க. சூளையில வெந்து வந்தாலும் யாரு செஞ்சதுன்னு தெரியும். நீங்க புதுசு பண்ணது நல்லாத்தான் இருக்குது. எங்க கீறலத்தான் காணோம்."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. வீட்டுக்கு வந்து பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக மீட்டுச் சேர்த்தேன். அப்போதுதான் பார்த்தேன்: மன்றத்தில் தமிழில் தேடும் வசதியைச் சரிசெய்தவன் நான்தான் என்று போகிற இடமெல்லாம் சொல்லி வந்தேனே, அதற்கு நேரே அவள் பெயர் இருந்தது. வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படி நம்பியிருந்தேன். எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். மறுநாளே அவள், "முன்பக்கம் என் போன்ல பாதிதான் தெரியுது" என்று ஒரு பிழையைச் சுட்டி எழுதிப் போட்டாள். அந்த ஒரு வரி எனக்குக் கொடுத்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அவளையும் சேர்த்து மூன்று பேர் திரும்பி வந்தார்கள். இரண்டு பேர் வரவேயில்லை.

இன்று புதிய பதிப்பை வெளியிடுமுன் பெயர்ப் பட்டியலை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, கேரியரைக் கையில் எடுத்தேன். இரண்டு வருடமாக இங்கேதான் கிடக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் தங்கச்சி கொடுத்தது என்று காட்டியிருக்கிறேன். அந்த இரண்டு கீறல்களைப் போட்டவர் யார் என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.